தருமபுரி மாவட்டத்தில் பல் ஃபுளோரோசிஸ்: நீர், பல், உறை

தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களின் முன்பற்களில் சுண்ணாம்பு வெண்மையான திட்டுகளோ, மஞ்சள் கோடுகளோ, பழுப்புக் கறையோ காணப்படும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட பற்களில் சிறு சிறு குழிகளும் இருக்கும். இதற்குப் பல் ஃபுளோரோசிஸ் என்று பெயர். "பல்லில் காவி ஏறிவிட்டது" என்று ஊர் வழக்கில் சொல்வார்கள். வெற்றிலை போடுவதாலும் புகையிலை மெல்லுவதாலும் பல்லின் மேல் படியும் கறை வேறு, இது வேறு. அந்தக் கறை வெளியிலிருந்து படிவது, தேய்த்தால் ஓரளவு போகும். ஃபுளோரோசிஸ் பல் உருவாகும்போதே அதன் உள்ளே அமைந்துவிடுவது. எத்தனை முறை பல் துலக்கினாலும் அது மாறாது. "ஒழுங்காகப் பல் தேய்க்காத பிள்ளை" என்று வகுப்பறைகளில் வசை வாங்கிய குழந்தைகளில் பலர் செய்த தவறு, தங்கள் ஊர்க் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்தது மட்டுமே.

இக்குறைபாட்டின் வரலாறு பாறை, ஆழ்துளைக் கிணறு, பல் மருத்துவம், காவிரி அரசியல் ஆகிய நான்கையும் தொட்டுச் செல்கிறது.

கறை உருவாகும் காலம்

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், உடலிலேயே மிகக் கடினமான பொருள். பல் ஈறுக்குள் இருக்கும்போதே இது உருவாகி முடிந்துவிடும். வெளியே வந்த பிறகு எனாமலைப் புதிதாக உண்டாக்கும் செல்கள் இருப்பதில்லை. எனவே உருவாகும் காலத்தில் ஏற்பட்ட குறை பல் உள்ள வரை நிற்கும்.

நிரந்தர முன்பற்களின் எனாமல் குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி, ஏறத்தாழ நான்கு, ஐந்து வயதில் முடிகிறது. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பை ஒட்டித் தொடங்கி மூன்று வயது அளவில் முடிகிறது. இரண்டாம் நிரந்தரக் கடைவாய்ப்பல்லுக்கு ஏழு, எட்டு வயது வரை ஆகும். இந்த ஆண்டுகளில் குழந்தை குடிக்கும் நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்தால், எனாமல் முழுமையாகத் தாதுவேறாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். பல் முளைத்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறுகிறது.

பால் பற்களின் கதை சற்று வேறு. அவற்றின் எனாமலில் ஒரு பகுதி தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. எஞ்சிய பகுதி முதல் வயதுக்குள் முடிந்துவிடும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆகவே பால் பற்களில் ஃபுளோரோசிஸ் பொதுவாக லேசாகவே இருக்கும். நீரில் ஃபுளோரைடு மிக அதிகமுள்ள ஊர்களில் மட்டும், கடைசியாக உருவாகும் இரண்டாம் பால் கடைவாய்ப்பல்லில் அது தெளிவாகத் தெரியும். அந்தப் பல்லைக் கவனித்தால், பின்னால் முளைக்கப்போகும் முன்பற்கள் எப்படி இருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம்.

கொலராடோவிலிருந்து நெல்லூர் வரை

1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அவ்வூர்க்காரர்கள் பலரின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். அங்கே அதைக் 'கொலராடோ பழுப்புக் கறை' என்றே அழைத்தனர். அக்காலத்தின் புகழ்பெற்ற பல் மருத்துவ அறிஞர் ஜி. வி. பிளாக் 1909-இல் அந்நகருக்கு வந்து மெக்கேயுடன் சேர்ந்து ஆராய்ந்தார். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

1923-இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்கு மெக்கே அழைக்கப்பட்டார். தொலைவில் இருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது என்று அங்குள்ள தாய்மார்கள் சொன்னார்கள். ஆய்வகம் கண்டுபிடிக்காததைத் தாய்மார்கள் கண்டிருந்தார்கள். அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்று நீருக்கு மாறும்படி மெக்கே கூறினார். சில ஆண்டுகளில் சிறு குழந்தைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. 1931-இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளரான எச். வி. சர்ச்சில், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பாக்சைட் ஊர் நீரைச் சோதித்து, குற்றவாளி ஃபுளோரைடு என்று காட்டினார். அதன் பின் டிரெண்ட்லி டீன் கறையின் கடுமையை அளக்க வகுத்த படிநிலை அட்டவணை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

இந்தியாவில் இது பற்றிய முதல் விரிவான மருத்துவ அறிக்கை சென்னை மாகாணத்திலிருந்தே வந்தது. கிண்டி கிங் நிறுவனத்தைச் சேர்ந்த எச். இ. ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகியோர் நெல்லூர் மாவட்டத்தில் பரவியிருந்த ஃபுளோரோசிஸ் பற்றி 1937-இல் எழுதினர். பல் கறை மட்டுமல்லாமல் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போன மனிதர்களை அவர்கள் விவரித்தனர். மலேரியா ஒட்டுண்ணி மனிதக் கல்லீரலில் வளர்வதைப் பின்னாளில் கண்டறிந்த ஷார்ட்தான் இவர். பண்டிட் பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அன்றைய சேலம் மாவட்டத்தின் வறண்ட வட்டங்கள், அதாவது இன்றைய தருமபுரி, நெல்லூர் இருந்த அதே மாகாணத்தில்தான் இருந்தன. ஆனால் இங்கே சிக்கல் பெரிதாக வெடிக்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. காரணம், அப்போது மக்கள் குடித்தது பெரும்பாலும் திறந்த கிணற்று நீரும் ஏரி, ஓடை நீரும்.

பாறையும் ஆழ்துளைக் கிணறும்

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் உருவானது. 2004-இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. இப்பகுதி முழுவதும் மிகப் பழமையான கடினப் பாறை நிலம். நைஸ், கிரானைட், சார்னோக்கைட் போன்ற இப்பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் முதலிய கனிமங்களில் ஃபுளோரின் கலந்திருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீர் நீண்ட காலம் தேங்கி நிற்கும்போது ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது ஃபுளோரைடுடன் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில் ஃபுளோரைடு கரைந்தபடியே இருக்கும். மழை குறைவு, வெயில் அதிகம், ஆழமான நீர் என்ற மூன்றும் சேர்ந்த இடங்களில் அளவு உயர்கிறது.

திறந்த கிணற்றில் ஆண்டுதோறும் மழைநீர் இறங்கி நீரைப் புதுப்பிக்கும். வறட்சி ஆண்டுகளில் அக்கிணறுகள் வற்றியபோது, 1970-களுக்குப் பின் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. அண்டையிலுள்ள திருச்செங்கோடு வட்டாரத்து ரிக் லாரிகள் ஊர் ஊராக வந்து துளையிட்டன. கைப்பம்பு வந்தது, பிறகு மின்மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன. தெளிந்த, கிருமியில்லாத தண்ணீர் வீட்டருகே கிடைத்தது பெரிய நன்மைதான். காலராவும் வயிற்றுப்போக்கும் குறைய அது உதவியது. ஆனால் எவ்வளவு ஆழம் போனார்களோ அவ்வளவு பழைய நீர் மேலே வந்தது. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, நாக்குக்குத் தெரியும் சுவையும் இல்லை. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், நல்லம்பள்ளி போன்ற ஒன்றியங்களில் பாதிப்பு வெளிப்படையாகத் தெரிந்தது.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் 1.5 தான். வெப்பமான ஊரில் ஒருவர் குடிக்கும் நீரின் அளவு அதிகம் என்பதால், குளிர்நாட்டுக்காரருக்குத் தீங்கு செய்யாத அளவு இங்கே தீங்கு செய்யக்கூடும். தருமபுரியின் பழைய அன்றாட உணவான கேழ்வரகுக் களிக்கும் கூழுக்கும் நிறையத் தண்ணீர் செல்லும். அந்த நீரிலுள்ள ஃபுளோரைடும் உணவோடு உள்ளே போகும். அதே கேழ்வரகு கால்சியம் நிறைந்தது. போதிய கால்சியம் கிடைக்கும் உடலில் எலும்புப் பாதிப்பு குறையும் என்பதால், களி ஒரு கையால் கொடுத்து மறு கையால் கொஞ்சம் தடுக்கவும் செய்தது எனலாம்.

தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்ற நம்பிக்கை இன்றும் பலரிடம் உண்டு. அது தவறு. கொதிக்கும்போது நீர் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். அதனால் அளவு சற்றுக் கூடவே செய்யும்.

1970-களில் நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படியவைக்கும் முறையை உருவாக்கியது. அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டப் பெயரால் அது 'நல்கொண்டா முறை' எனப்பட்டது. வாளியில் கூடச் செய்யலாம். ஆனால் நாள்தோறும் அளந்து போட வேண்டும், கலக்க வேண்டும், கசடை அகற்ற வேண்டும். ஊக்குவிக்கப்பட்ட அலுமினா வடிகட்டிகளும் வந்தன. அவற்றைக் குறித்த காலத்தில் வேதிப்பொருளால் கழுவிப் புதுப்பிக்காவிட்டால் வெறும் மணல் சட்டியாகிவிடும். அதிகாலையில் எழுந்து வேலைக்கு ஓடும் குடும்பத்தின் தலையில் இந்தப் பொறுப்பை ஏற்றிய திட்டங்கள் நீடிக்கவில்லை.

பல் மருத்துவரின் நாற்காலியில்

கறை படிந்த பல்லுக்குச் சிகிச்சை தேடும் முயற்சி காரணம் தெரிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் வால்டர் கேன் என்பவர் 1916 அளவிலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கறையை நீக்கிப் பார்த்தார். அதே யோசனை 1980-களில் அமிலமும் நுண்ணிய உரசு தூளும் கலந்து மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுக்கும் முறையாகச் செம்மைப்படுத்தப்பட்டது. லேசான பாதிப்புக்கு இது போதும். நடுத்தரப் பாதிப்புக்குப் பல் நிறப் பிசின் பூச்சு உண்டு. ஆனால் ஃபுளோரைடு மிகுந்த எனாமலில் அமிலம் சீராக ஏறாது. பிசின் ஒட்டும் வலிமையும் குறையக்கூடும். குழி விழுந்து, ஓரம் உடையும் கடைவாய்ப்பல்லில் பூச்சு நிற்பது கடினம். அங்கேதான் பல் முழுவதையும் மூடும் உறை தேவைப்படுகிறது. மக்கள் இதைக் 'கேப்' என்கிறார்கள். சொத்தை பரவிய பால் கடைவாய்ப்பல்லுக்கும், வேர்ச் சிகிச்சை செய்த பால் பல்லுக்கும் இதுவே வழி.

விழப்போகிற பால் பல்லுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி எல்லா ஊர்ப் பெற்றோரிடமும் உண்டு. பால் கடைவாய்ப்பற்கள் ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் அதைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கீழிருந்து வரும் நிரந்தரப் பல் வழியில்லாமல் கோணலாக முளைக்கும். அத்தனை ஆண்டுகள் குழந்தை மெல்லுவதும் அந்தப் பற்களால்தான்.

பால் கடைவாய்ப்பல்லுக்கான துருப்பிடிக்காத எஃகு உறைகள் 1950-இல் ஹம்ஃபிரி என்பவரால் அமெரிக்காவில் பரவலாக அறிமுகமாயின. முன்கூட்டியே பல அளவுகளில் செய்யப்பட்ட மெல்லிய உறைகள் இவை. இதற்காகப் பல்லைத் தயார்செய்வது எளிது. மெல்லும் பரப்பை ஒரு மில்லிமீட்டரோ ஒன்றரையோ குறைக்க வேண்டும். அடுத்த பல்லைத் தொடும் இரு பக்கங்களிலும் மெல்லிய சீவல் எடுத்து இடைவெளி உண்டாக்க வேண்டும். கன்னப் பக்கத்தையும் நாக்குப் பக்கத்தையும் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. பால் கடைவாய்ப்பல்லின் கழுத்தருகே ஒரு புடைப்பு உண்டு. எஃகு உறையின் விளிம்பை உள்நோக்கி வளைத்து அழுத்தினால் அது அந்தப் புடைப்பைத் தாண்டிச் சென்று, டப்பா மூடி போல் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் ஒரு படி மேலே போனார். பல்லைச் செதுக்காமலும் ஊசி போடாமலும் சொத்தையின் மேலேயே எஃகு உறையைப் பொருத்தினார். உள்ளே அடைபட்ட சொத்தைக்கு உணவு கிடைக்காமல் அது அடங்கிவிடும் என்பது இதன் அடிப்படை. அவர் பெயரால் 'ஹால் முறை' எனப்படும் இதைப் பிந்தைய ஆய்வுகள் ஆதரித்தன.

எஃகு உறையின் ஒரே பெரிய குறை அதன் நிறம். வாயைத் திறந்தால் வெள்ளி மின்னும். வெண்ணிறம் கேட்ட பெற்றோருக்காக 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிர்கோனியா என்னும் பீங்கான் வகை உறைகள் குழந்தைகளுக்கென ஆயத்த அளவுகளில் சந்தைக்கு வந்தன. இந்தியாவிலும் இப்போது தயாராகின்றன. சிர்கோனியத்தின் மூலக் கனிமமான சிர்கான் தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது பிரித்தெடுக்கப்படுகிறது.

பொருள் மாறியதும் பல்லைத் தயார்செய்யும் வடிவமும் தலைகீழாக மாறியது. எஃகு வளையும், பீங்கான் வளையாது. புடைப்பைத் தாண்டிச் சென்று பிடிக்கும் வித்தை பீங்கானுக்குத் தெரியாது. ஆகவே புடைப்பையே சீவி எடுக்க வேண்டும். மெல்லும் பரப்பில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை குறைக்க வேண்டும். சுற்றிலும் எல்லாப் பக்கங்களிலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டர் வரை எடுக்க வேண்டும். விளிம்பு படிக்கட்டு போல் நிற்காமல், இறகின் ஓரம் போல் மெலிந்து ஈறுக்குக் கீழே ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் வரை செல்ல வேண்டும். உறை அழுத்தமின்றித் தானாக உட்கார வேண்டும். எஃகைப் போல் அழுத்தித் தள்ளினால் பீங்கான் விரிசல் விடும். அதை இறுக்கிப் பிடித்து வைப்பது சிமெண்ட் மட்டுமே.

இதில் இரண்டு சங்கடங்கள் உள்ளன. பால் பல்லின் எனாமல் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள கூழ் அறை, பல்லின் அளவுக்கு மிகப் பெரியது. அதன் கொம்புகள், குறிப்பாக முன்பக்கக் கன்ன ஓரத்துக் கொம்பு, மேற்பரப்புக்கு மிக அருகில் வரும். அழகுக்காகக் கூடுதலாகச் சீவப்படும் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் அந்தக் கூழை நெருங்குகிறது. இரண்டாவது, ஈறுக்குக் கீழே வேலை செய்தால் இரத்தம் கசியும். பீங்கானின் உட்புறத்தில் இரத்தமும் எச்சிலும் பட்டால் சிமெண்ட் சரியாக ஒட்டாது. அதனால் அளவு பார்ப்பதற்கென்றே ஒரு தனி மாதிரி உறையைச் சில நிறுவனங்கள் தருகின்றன. அசையாமல் உட்காரத் தெரியாத நான்கு வயதுக் குழந்தையிடம் இவ்வளவையும் செய்து முடிப்பது சுலபமல்ல. நன்கு பொருந்திய சிர்கோனியா உறையைச் சுற்றி ஈறு ஆரோக்கியமாக இருக்கிறது, உணவுத் துணுக்குகள் எளிதில் ஒட்டுவதில்லை என்பவை அதன் பக்கத்து நியாயங்கள். விலை எஃகைவிடப் பல மடங்கு. கன்னத்துக்குள் மறைந்திருக்கும் பின் கடைவாய்ப்பல்லுக்கு எஃகே போதும் என்று சொல்லும் மருத்துவர் பெற்றோரின் பணத்தையும் குழந்தையின் பல்லையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்.

நிரந்தர முன்பற்களில் காவி ஏறிய பிள்ளைக்குப் பீங்கான் உறையை உடனே போட முடியாது. ஈறும் தாடையும் வளர்ந்து நிலைக்கும் வரை, அதாவது பதின்பருவம் முடியும் வரை, காத்திருக்க வேண்டும். கேலிக்கு ஆளாவதும் வாயைப் பொத்திச் சிரிக்கக் கற்பதும் அந்த வயதில்தான்.

ஒகேனக்கல்

பல்லை ஒவ்வொன்றாகச் செதுக்குவதைவிட நீரை மாற்றுவது சுருக்கமான வழி என்பதை ஓக்லி ஊர் 1920-களிலேயே காட்டியிருந்தது. தருமபுரிக்கு அந்த வேறு நீர், மாவட்டத்தின் மேற்கு எல்லையிலேயே அருவியாக விழுந்துகொண்டிருந்தது. காவிரி நீரை ஒகேனக்கல்லில் எடுத்து தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்குக் குடிநீராக வழங்கும் திட்டத்துக்கு 1998-இல் மத்திய அரசின் தடையின்மை கிடைத்தது. ஆண்டுக்கு 1.4 டிஎம்சி நீர், அதுவும் தமிழ்நாட்டின் பங்கிலிருந்தே எடுப்பது என்பது ஏற்பாடு. நிதிக்காக ஜப்பானை நாட வேண்டியிருந்தது.

2008 பிப்ரவரி 26 அன்று முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்ற சொற்கள் இருந்தன. சில வாரங்களில் கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அங்கே சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. பேருந்துகள் நின்றன, திரையரங்குகள் தாக்கப்பட்டன. ஏப்ரல் 4 அன்று தமிழ்த் திரையுலகினர் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தனர். மறுநாள், கர்நாடகத் தேர்தல் முடியும் வரை திட்டத்தைத் தள்ளிவைப்பதாகக் கருணாநிதி அறிவித்தார். இரு மாநிலத்திலும் அந்த நாட்களில் எழுந்த முழக்கங்களில் 'காவிரி' இருந்தது, 'எல்லை' இருந்தது. பல் இருந்ததாகத் தெரியவில்லை. தேர்தலுக்குப் பின் வேலைகள் தொடர்ந்தன. ஓசூர்ப் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்று நீரைப் படிப்படியாக மேலேற்றி, மலைப்பாங்கான நிலத்தில் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்குக் குழாய் கொண்டுபோக வேண்டியிருந்தது. சுமார் 1,900 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்தை 2013 மே மாதம் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்தார்.

இதற்கிடையே 2008-09-இல் மத்திய அரசு ஃபுளோரோசிஸ் தடுப்புக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தருமபுரி அதில் இடம்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பது, நீரையும் சிறுநீரையும் சோதிப்பது, கால்சியமும் வைட்டமின் சி-யும் உள்ள உணவை வலியுறுத்துவது ஆகியவை அதன் பணிகள். வைட்டமின் சி-க்கு நெல்லிக்காயைச் சொல்கிறார்கள். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர் இதுதான் என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

காவிரி நீர் வந்ததால் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. குழாய் உடைப்பு, மின்தடை, கோடைப் பற்றாக்குறை ஆகிய நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விடுகிறார்கள் என்ற புகார் பல ஊர்களில் தொடர்ந்து எழுந்தது. கலந்த நீரும் தெளிவாகவே இருக்கும், குடிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. மக்கள்தொகை பெருகியதால் திட்டத்தின் இரண்டாம் கட்டமும் அறிவிக்கப்பட்டது.

காவிரி நீர் உண்மையில் எவ்வளவு சென்று சேர்ந்தது என்பதற்கு ஒரு சாட்சி ஒவ்வொரு வகுப்பறையிலும் உட்கார்ந்திருக்கிறது. 2013-இல் பிறந்த குழந்தைக்கு நிரந்தர முன்பற்கள் ஏழு வயதை ஒட்டி, 2020 அளவில் முளைத்திருக்கும். பிறந்தது முதல் ஐந்து வயது வரை அந்த வீட்டில் குடித்த நீர் எது என்பதை அப்பற்களே சொல்லும். அக்குழந்தையின் இரண்டாம் கடைவாய்ப்பற்கள், எட்டு வயது வரையிலான நீரின் பதிவோடு, 2025-ஐ ஒட்டி முளைக்கின்றன. அதற்கு முன் பிறந்த அண்ணன், அக்காவின் பற்களில் ஏறிய காவி அப்படியே இருக்கும்.